‘தி பிரிட்ஜ்’ கடைசி சீசன்: தொடங்கும் முன்

ஸ்வீடன்-டென்மார்க் துப்பறியும் தொடரான ‘தி பிரிட்ஜ்’-ன், 2018-ல் வந்த நான்காவது சீசனில் எட்டே எபிசோடுகள். முந்தைய மூன்றிலும் தலா பத்து. நேராக இதில் குதித்தால் பாதி பிடிபடாது. ஸ்வீடன் போலீஸ்காரி சாகா ஏன் சிறையில் இருக்கிறாள், அவளோடு துப்பறியும் டென்மார்க் போலீஸ்காரன் ஹென்ரிக் ஏன் தன் மகள்களைத் தேடுகிறான் என்பதற்கெல்லாம் விடை மூன்றாவது சீசனில் இருக்கிறது. நேரமில்லாதவர்கள் அதையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள். முதல் சீசனின் தொடக்கத்தையும் விடாதீர்கள்: ஸ்வீடன்-டென்மார்க் பாலத்தின் எல்லைக்கோட்டில் ஒரு பிணம்; இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி!

டப்பிங் வேண்டவே வேண்டாம். சாகா ஸ்வீடிஷில் கேட்க, ஹென்ரிக் டேனிஷில் பதில் சொல்லும் அழகே போய்விடும். கதாபாத்திரங்கள் ஏராளம், ஒரே மூச்சில் பார்த்தால் பெயர்கள் குழம்பும். நாளுக்கு இரண்டு எபிசோடு போதும். சாகாவாக வரும் சோஃபியா ஹெலினின் நடிப்புக்காகவே நிதானமாகப் பார்க்கலாம்.