இலைக்கு அடியில் எட்டும் ஸ்பிரேயர்

இந்த 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயரை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வெயில், மழை, பனி மூன்றிலும் பழகிவிட்டேன். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து மட்டும்தான் எழுதியிருப்பேன்.

முன்பு என்னிடம் இருந்தது விரலால் அமுக்கி அமுக்கி அடிக்கும் சின்ன பாட்டில். பத்துத் தொட்டி முடிவதற்குள் விரல் மரத்துப்போகும். அதைவிடப் பெரிய தொல்லை, அது நேராக மட்டுமே அடிக்கும். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பது இலையின் அடிப்பக்கத்தில். மேலே எவ்வளவு அடித்தாலும் இலையே அவற்றுக்குக் குடை. இந்த ஸ்பிரேயரின் பித்தளை நாசிலை மேல்நோக்கி வளைத்துக்கொள்ளலாம். நான் வாங்கியதே அதற்காகத்தான், அதில் ஏமாற்றமும் இல்லை.

இருபது, இருபத்தைந்து முறை பம்ப் அடித்துவிட்டு விசையை அழுத்திப் பிடித்தால் போதும். உள்ளே காற்றுக்கு இடம் வேண்டுமே, அதனால் ஒன்றரை லிட்டருக்கு மேல் ஊற்ற முடியாது. 2 லிட்டர் என்பது பெயருக்குத்தான். மூடியைத் திறக்கும் முன் வால்வை இழுத்துக் காற்றை விட்டுவிட வேண்டும். ஒருமுறை மறந்துபோய், இரண்டு நாள் தலைமுடியில் வேப்பெண்ணெய் வாடையோடு திரிந்தேன்.

கோடையில் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. அதன் உடம்பில் இருக்கும் மெழுகுப் பூச்சில் எதை அடித்தாலும் வழிந்து போய்விடும். அதனால் முதலில் நாசிலைத் திருகி, ஊசி மாதிரிப் பாயும் வெறும் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினேன். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு சேர 2 மில்லி சோப்புக் கரைசல். வெயில் இறங்கியதும் நாசிலை மென்தூறலாக்கி அடிக்கணும். முட்டைகள் தப்பித்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் அடித்தேன். நான்காம் வாரம் மொட்டு உதிர்வது நின்றது, மாவுப்பூச்சியைத் தேடி வந்த எறும்பு வரிசையும் காணாமல் போனது.

மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புல்தரையில் அகன்ற இலைக் களைகள் மண்டியதால் 2,4-டி களைக்கொல்லியை இதே ஸ்பிரேயரில் கலந்து அடித்தேன். புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, களை மட்டும் முறுக்கிக்கொண்டு செத்தது. மகிழ்ச்சியில் ஸ்பிரேயரை ஒரே ஒரு தடவை அலசிவிட்டு, மறுவாரம் தக்காளிக்கு வேப்பெண்ணெய் அடித்தேன். சில நாளில் புதுத் துளிர்கள் நாடா மாதிரி ஒடுங்கி முறுக்கிக்கொண்டன. இலைச்சுருட்டை வைரஸ் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறு செடிக்கும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி வந்தது உறுத்தியது. வெள்ளை ஈ பரப்பும் நோய் அப்படி வரிசை கட்டி வராது. தக்காளியைக் கெடுக்க அந்தக் களைக்கொல்லியின் மிச்சம் மீதியே போதுமாம். தப்பு என்னுடையது, ஸ்பிரேயர் என்ன செய்யும்? இருந்தாலும் கூடவே வந்த தாளில் களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வையுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

நிஜமான குறை வாஷர். எட்டாவது மாதம் ரப்பர் உப்பிப்போய் மூடியைச் சுற்றிக் கசிய ஆரம்பித்தது. அடித்து முடித்ததும் கழுவாமல் எண்ணெயோடு வைத்ததால் இருக்கலாம். உபரி வாஷர் பெட்டியில் இல்லை, அதே அளவில் வேறொன்றைத் தேடிப் போட வேண்டியிருந்தது. உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள வலையும் சின்னது. வேப்பங்கொட்டைக் கரைசலைப் பழைய பருத்தித் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் வேப்பெண்ணெய் உறைந்து வந்தாலும் இதே கதைதான். எண்ணெய்ப் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்தி இளக்கிக்கொண்டு கலப்பேன்.

முப்பது, நாற்பது தொட்டி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பெரிய புல்தரைக்கு முதுகில் மாட்டும் ஸ்பிரேயர்தான் சரி, இதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். நான் இதே ஸ்பிரேயரில் இன்னொன்று வாங்கி, பிடியில் சிவப்பு டேப் சுற்றி, களைக்கொல்லியோடு தனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.