காலி டிஸ்க்கில் அப்கிரேடு டிவிடி: எந்த வழி நல்ல வழி?

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. அதனோடு ஒரு நெகட்டிவ் ஸ்கேனர் இணைந்திருந்தது. குடும்பத்தின் முப்பது வருடப் படச்சுருள்களைப் பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி அதுதான். அதன் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) விண்டோஸ் 7-ஐத் தாண்டி வரவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிய எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்திவிட்டு அலமாரியைத் துழாவினால், கிடைத்தது விண்டோஸ் 7 அப்கிரேடு டிவிடி, அதாவது பழைய விண்டோஸ் உரிமம் உள்ளவர்களுக்கான மலிவுப் பதிப்பு. அதன் அடியில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி டிஸ்க்கும் அதன் கீயும் (உரிம எண்) பத்திரமாக இருந்தன. உரிமம் இருக்கிறது, டிஸ்க் இருக்கிறது. ஆனால் அப்கிரேடு செய்வதற்கு அந்த எஸ்எஸ்டியில் எதுவுமே இல்லை.

இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் 7 வந்த 2009-இல் ஹோம் பிரீமியம் முழுப் பதிப்பு அமெரிக்காவில் 199.99 டாலர், அப்கிரேடு 119.99 டாலர். 80 டாலர் மிச்சம் என்றால் யார்தான் அப்கிரேடை வாங்க மாட்டார்கள்? மலிவான பெட்டியை வாங்கியவரும் பழைய குப்பை எதுவும் ஒட்டாத புதிய விண்டோஸைத்தான் விரும்புவார். அது நியாயமான ஆசை.

எக்ஸ்பி காலத்தில் இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று இருந்தது. எக்ஸ்பி அப்கிரேடு சிடியிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம், ஹார்ட் டிஸ்க் வெறுமையாக இருக்கலாம். நீல நிறத் திரையில் ஒரு கேள்வி வரும்: பழைய விண்டோஸ் உங்களிடம் இருப்பதை உறுதிப்படுத்த அதன் சிடியைப் போடுங்கள். டிரே வெளியே வரும், விண்டோஸ் 98 சிடியை வைத்துத் தள்ளுவோம், டிரைவ் சில வினாடிகள் உறுமும். பிறகு மறுபடி எக்ஸ்பி சிடியைப் போட்டால் வேலை தொடரும். டிக்கெட் பரிசோதகரிடம் பாஸைக் காட்டிவிட்டு உட்காருவது போல, ஒரு நிமிடத்தில் முடிந்த காரியம். உரிமம் உள்ளவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்ட முறை அது. என் கணக்கில் இன்றுவரை அதுதான் சிறந்தது. குறை இல்லாமல் இல்லை: கம்ப்யூட்டர் நிறுவனங்கள் உண்மையான விண்டோஸ் சிடிக்குப் பதிலாக ரெகவரி டிஸ்க் மட்டும் கொடுத்திருந்தால், காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

2007 ஜனவரி 30 அன்று அடுத்த பதிப்பான விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. பழைய சிடியைக் காட்டினால் போதாது, பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குள்ளிருந்துதான் நிறுவலைத் தொடங்க வேண்டும் என்பது புதிய விதி. டிவிடியிலிருந்து தொடங்கினால் அப்கிரேடு கீயை அது ஏற்காது. ஹார்ட் டிஸ்க் பழுதானவர் முதலில் எக்ஸ்பியை ஏற்றி, அதன்மேல் விஸ்டாவை ஏற்ற வேண்டும். உரிமம் உள்ளவரை அலைக்கழித்த இந்த மாற்றம் தவறானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் சில நாட்களிலேயே ஒரு வழி வெளியே தெரிந்துவிட்டது. டிவிடியிலிருந்து தொடங்கி, கீ கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டு, 'தானாக ஆக்டிவேட் செய்' (கீ செல்லுபடியாகுமா என்று மைக்ரோசாஃப்டிடம் உறுதிசெய்) என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். எந்தப் பதிப்பு வேண்டும் என்று பட்டியல் வரும். இங்கே கவனம் தேவை, பணம் கொடுத்து வாங்கிய பதிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீ இல்லாமலே 30 நாள் ஓடும் அவகாசத்தோடு விஸ்டா ஏறிவிடும். பிறகு அந்த விஸ்டாவுக்குள்ளிருந்தே டிவிடியை மறுபடி ஓட்டி, இம்முறை கீயைக் கொடுத்து, 'அப்கிரேடு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விஸ்டா தன்னைத்தானே அப்கிரேடு செய்துகொள்ளும். ஆக்டிவேஷனும் நடக்கும். இரட்டை நிறுவல் என்று இதைச் சொல்வார்கள்.

சித்தப்பாவின் விண்டோஸ் 7-க்கு வருகிறேன். என் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, எக்ஸ்பியை ஏற்றி அதன்மேல் 7-ஐப் போடுவது. விதிமுறைக்கு மிக நெருக்கமானது இதுதான் என்பதால் இதிலேயே தொடங்கினேன். ஒரு பிற்பகல் முழுவதும் வீணானது. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரை எக்ஸ்பி சிடிக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றாவிட்டால் நீலத் திரையில் நின்றுவிடும். அதைத் தாண்டிய பிறகுதான் உண்மையான தொல்லை உறைத்தது. எக்ஸ்பி உருவாக்கும் முதல் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரிக்கும் பகுதி) 63-ஆம் செக்டாரில் (டிஸ்க்கின் சிறு கட்டம்) தொடங்கும். எஸ்எஸ்டியின் உள் அடுக்குகளோடு அது பொருந்தாது, தகவலை எழுதும்போது பல முறை இரண்டு அடுக்குகளைத் தொட நேரிடும். விண்டோஸ் 7 தானே பார்ட்டிஷன் போட்டால் 1 எம்பி இடைவெளி விட்டுச் சரியாகத் தொடங்கும். எக்ஸ்பிக்குள்ளிருந்து நிறுவினால் பழைய கோணல் பார்ட்டிஷனே தொடரும். எக்ஸ்பியின் எச்சமும் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரில் குவிந்து கிடக்கும். போதாதற்கு, 32 பிட் எக்ஸ்பிக்குள்ளிருந்து 64 பிட் டிவிடியை ஓட்டவும் முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கும் பழைய விண்டோஸும் உயிரோடு இருப்பவர்களுக்கு இந்த வழி பரவாயில்லை. காலி எஸ்எஸ்டிக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, விஸ்டாவில் பழகிய அதே இரட்டை நிறுவல். 7-இலும் இது வேலை செய்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தொட அஞ்சுபவர்களுக்கு இதையே சொல்வேன், ஏனெனில் எல்லாமே நிறுவலின் சொந்தத் திரைகளில் நடக்கிறது. என் மனக்குறை ஒன்றுதான்: புதிதாகப் போட்ட விண்டோஸின்மேல் இன்னொரு விண்டோஸ் ஏறுகிறது. சுத்தமான நிறுவல் வேண்டும் என்று கிளம்பிவிட்டு, முடிவில் கிடைப்பது ஓர் அப்கிரேடு. நேரமும் இருமடங்கு.

மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். டிவிடியிலிருந்து தொடங்கி, 'கஸ்டம்' கொடுத்து, எஸ்எஸ்டியில் இருந்த எக்ஸ்பி பார்ட்டிஷனை அழித்துப் புதிதாகப் போட்டு, கீ இல்லாமல் ஒரே தடவை நிறுவுவது. விஸ்டா போலப் பதிப்புப் பட்டியல் வராது, பெட்டியில் உள்ள பதிப்பே ஏறும். முடிந்ததும் கீயைக் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு உடனே ஏற்றுக்கொள்ளும். எனக்கு, 'இந்தக் கீ அப்கிரேடுக்கு மட்டுமே, சுத்தமான நிறுவலுக்கு அல்ல' என்று மறுத்தது. அப்போது ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், செட்டப், ஓஓபிஇ என்று வரிசையாக இறங்க வேண்டும். அங்கே 'மீடியாபூட்இன்ஸ்டால்' என்ற பெயரில் 1 என்ற மதிப்பு இருக்கும். டிவிடியிலிருந்து தொடங்கிய நிறுவல் இது என்று விண்டோஸ் தனக்காகக் குறித்துவைத்த அடையாளம் அது. அதை 0 ஆக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் திரை) ஆக்டிவேஷன் நிலையைப் புதிதாக்கும் 'ரீஆர்ம்' கட்டளையைக் கொடுத்து, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால், அதே கீயை ஏற்றுக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை.

இதில் சறுக்கும் இடம் அப்டேட்தான். ஷட்டவுன் பொத்தானின் மேல் ஆரஞ்சு நிறக் கேடயம் தெரிந்தால், ஓர் அப்டேட் பாதியில் காத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஆக்டிவேஷன் தோற்றுப்போகும். ஆகவே நெட் கேபிளைக் கழற்றிவைத்தே நிறுவுங்கள். மதிப்பை மாற்றி மறுபடி தொடங்கிய பிறகு செருகுங்கள். நெட் கேபிளை இயக்கும் லேன் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துவைப்பதும் அவசியம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றுவதால் யாருக்கும் உரிமம் கிடைத்துவிடாது. எக்ஸ்பி அல்லது விஸ்டா உரிமம் உங்களுடையதாக இருந்தால் மட்டுமே அந்த அப்கிரேடு டிவிடி உங்களுக்கானது. சித்தப்பாவின் எக்ஸ்பி டிஸ்க் கையில் இல்லாமல் இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன்.

இதே 2009 ஆகஸ்டில் ஆப்பிள் எடுத்த நிலைப்பாடு நேர் எதிரானது. மேக் கம்ப்யூட்டரின் லெப்பர்டு பதிப்பு வைத்திருப்போருக்கு 29 டாலருக்கு அடுத்த பதிப்பான ஸ்னோ லெப்பர்டு டிஸ்க். கீயும் கிடையாது, பழைய பதிப்பு இருக்கிறதா என்ற சோதனையும் கிடையாது. 'அழித்து நிறுவு' என்ற விருப்பத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், மெனுவில் உள்ள டிஸ்க் யுடிலிட்டியில் நாமே அழித்துவிட்டு நிறுவ வேண்டும். வாடிக்கையாளரை நம்பியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆப்பிளின் கம்ப்யூட்டரை வாங்கியவர்தான் அந்த டிஸ்க்கை வாங்குவார் என்பதால், நம்புவது அவர்களுக்கு எளிது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது, பாதுகாப்பு அப்டேட் இனி வராது. ஆகவே ஆக்டிவேஷன் முடிந்ததும் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஸ்கேனர் டிரைவரையும் ஏற்றியபின், கன்ட்ரோல் பேனலில் உள்ள பேக்கப் பகுதியிலிருந்தே முழு சிஸ்டம் இமேஜ் ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ரிப்பேர் டிஸ்க் ஒன்றும் எழுதிவைத்தேன். அடுத்த முறை எஸ்எஸ்டி போனால் அந்த இரண்டும் போதும், அப்கிரேடு டிவிடியைத் தேட வேண்டியதில்லை.