பழைய பத்திரிகையா, நேர்காணலா?

2004 டிசம்பர் 26 சுனாமிச் செய்திகளைப் பற்றி ஊடகக் கற்கை ஆய்வுக் கட்டுரை எழுதத் திட்டமிடும் திருகோணமலை மாணவர்களுக்கு.

செலவு: பழைய இதழ்களைத் தேடிக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் வரை போக வேண்டிவரலாம். நேர்காணலுக்குக் கிண்ணியாவுக்கோ நிலாவெளிக்கோ பஸ் டிக்கெட் போதும்.

உழைப்பு: பத்திரிகையில் தலைப்பின் அளவு, பக்கம், யாருடைய பேச்சு மேற்கோளாக வந்தது என்று அட்டவணையிட்டால் ஒரு வாரச் செய்திகளே கட்டுரைக்குப் போதும். நேர்காணலில் ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கவே பல மணி நேரம் பிடிக்கும். அதைவிட, உறவை இழந்தவரிடம் கேட்கச் சம்மதமும் பொறுமையும் வேண்டும். இதை இலேசாக எண்ணவே கூடாது.

நம்பகம்: அச்சு மாறாது, நினைவு மாறும்.

செய்தி எப்படி எழுதப்பட்டது என்பது கேள்வியானால் பத்திரிகை. மக்கள் அதை எப்படி ஏற்றார்கள் என்றால் நேர்காணல். ஒப்படைக்க ஒரு மாதமே இருந்தால் பத்திரிகையையே எடுங்கள்.