ஃபெட்டா: பெயரைப் பிடித்த கிரீஸ், அளவைப் பிடித்த டென்மார்க்

2024 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ டிராகி ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றிக் கொடுத்த தடித்த அறிக்கையில், கார், மருந்து, விண்வெளி என்று பத்துத் துறைகளுக்குத் தனித்தனி அத்தியாயம் உண்டு. உணவுத் தயாரிப்புக்கு இல்லை. இத்தனைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிற்சாலைகளில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது அந்தத் துறைதான். சுமார் 46 லட்சம் பேர். அதற்காக இந்தத் துறையில் கொள்கையே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கொள்கைகள் அங்கே பல வருடங்களாக ஓடுகின்றன. இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஃபெட்டா என்ற வெள்ளைச் சீஸ்.

கிரீஸின் வழி, பெயருக்கு வேலி போடுவது. ஃபெட்டா என்று விற்க வேண்டுமானால் குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால் இருக்க வேண்டும். மீதி வெள்ளாட்டுப் பாலாக இருக்கலாம். பசும்பால் ஒரு சொட்டுக்கூட ஆகாது. இரண்டு மாதமாவது பக்குவப்பட வேண்டும். பாலும் குறிப்பிட்ட வட்டாரங்களிலிருந்துதான் வர வேண்டும். கிரீஸுக்குள்ளேயே இருக்கும் கிரீட் தீவுக்கு அந்த உரிமை கிடையாது என்றால் வேலி எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க் போனது வேறு பாதை. அங்கே பசும்பால் தாராளம், இயந்திரமும் தாராளம். 1970களில் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் முறை வந்தது. பாலை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தினால் தண்ணீரும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் வெளியேறிவிடும். வழக்கமாகச் சீஸ் திரளும்போது வடிநீரோடு போய்விடுகிற புரதம் உள்ளேயே தங்கிவிடும். அதே பாலில் கூடுதல் சீஸ் கிடைக்கும். அந்தச் சரக்கு ஈரான் உள்ளிட்ட மேற்காசியச் சந்தைகளுக்குப் போனது; ஏற்றுமதி மானியத்தை ஐரோப்பியப் பொதுக் கஜானா கொடுத்தது. 1989இல் டேனிஷ் ஃபெட்டா உற்பத்தி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

அப்புறம் வழக்கு. 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெயர் கிரீஸுக்கு என்று பதிவாயிற்று. டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் நீதிமன்றம் போக, 1999இல் பதிவு ரத்து. 2002இல் மறுபடி பதிவு, மறுபடி வழக்கு. 2005 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் பக்கம் நின்றது. டென்மார்க்கின் வாதம் லேசானதல்ல: ஃபெட்டா ஓர் ஊரின் பெயரே இல்லை. துண்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல் 17ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழிக்குள் வந்து, பிறகு சீஸுக்குப் பெயராயிற்று. எல்லோருக்கும் பொதுவான சொல்லை ஒருவர் மட்டும் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று கேட்டார்கள். நீதிமன்றம் எடுத்துக்காட்டியதில் எனக்குப் பிடித்தது லேபிள் சமாச்சாரம்: வெளிநாட்டில் செய்த ஃபெட்டா டப்பாக்களிலும் கிரேக்கப் பண்பாட்டை நினைவூட்டும் குறிப்புகள்! பொதுச்சொல் என்று நீங்களே நம்பியிருந்தால் டப்பாவில் கிரீஸ் எதற்கு?

தீர்ப்பு வந்தும் டென்மார்க் முழுதாக விடவில்லை. ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் சரக்கில் ஃபெட்டா என்று போடுவதைத் தடுக்கவில்லை; விதி வெளிச் சந்தைக்குப் பொருந்தாது என்று விளக்கம் சொன்னது. 2022 ஜூலையில் நீதிமன்றம் அதையும் நிராகரித்தது. இதில் ஒரு வேடிக்கை, நடுவில் 2019இல் அதே டென்மார்க் ஹவார்ட்டி சீஸுக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. அது உலகம் பூராவும் செய்கிற சீஸ், பெயர் பொதுச்சொல் என்று மற்றவர்கள் போட்ட கூச்சல் எடுபடவில்லை.

சரி, யாருக்கு லாபம்? பெயர் போனதால் டென்மார்க் விழுந்தது என்று கிரேக்கத் தரப்பில் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1998லேயே டேனிஷ் ஃபெட்டா உற்பத்தி 30,000 டன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெயர் இறுதியாகப் பறிபோனது அதற்குப் பிறகுதான். டென்மார்க்கின் பலம் அந்த நான்கெழுத்தில் இருந்ததே இல்லை. 2000இல் டென்மார்க்கின் எம்டி ஃபுட்ஸும் ஸ்வீடனின் ஆர்லாவும் சேர்ந்து உருவான ஆர்லா ஃபுட்ஸ் இன்று ஏழு நாட்டு விவசாயிகளுக்குச் சொந்தமான கூட்டுறவு. 2024 வருவாய் 1,300 கோடி யூரோவுக்கு மேல். அதே மாதிரி வெள்ளைச் சீஸை அபெட்டினா என்ற பெயரில் விற்கிறார்கள். லேபிளை மாற்றியதோடு வேலை முடிந்தது.

ஆனால் அளவை நம்பியவனுக்கு உலகச் சந்தைதான் எஜமான். 2006இல், டேனிஷ் பத்திரிகை ஒன்று முகம்மது நபி பற்றி வெளியிட்ட கேலிச்சித்திர விவகாரத்தில் மேற்காசியக் கடைகள் ஆர்லா சரக்கை அலமாரியிலிருந்து இறக்கின. 2014இல் ஐரோப்பிய உணவுப்பொருள்களுக்கு ரஷ்யா கதவை மூடியது. 2015 மார்ச்சோடு, ஒன்றிய நாடுகளின் பால் உற்பத்திக்கு இருந்த உச்சவரம்பான பால் கோட்டா முடிந்ததும் பால் பெருகி விலை சரிந்தது. 2024இல் ஐரோப்பியப் பால்பொருள்களின் மானியம் பற்றிச் சீனா விசாரணை தொடங்கியது. 2030 முதல் டென்மார்க்கில் கால்நடைகளின் மீத்தேன் வாயு வெளியேற்றத்துக்கு வரியும் வருகிறது. அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று டேனிஷ் பண்ணைக்காரரால் சொல்ல முடியாது.

கிரீஸுக்கு அந்தப் பயம் குறைவு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் ஃபெட்டா செய்கிறது, பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது, முதல் வாடிக்கையாளர் ஜெர்மனி. அதே பெயரில் மலிவுச் சரக்கு வந்து விலையை உடைக்க முடியாது. சிறிய பால்நிலையங்களை வைத்துக்கொண்டு டென்மார்க்கோடு அளவில் போட்டியிட்டிருந்தால் கிரீஸ் எப்போதோ தோற்றிருக்கும். அதனால் கிரீஸ் எடுத்தது சரியான முடிவுதான் என்பது என் கணக்கு.

சிக்கல் வேலிக்கு உள்ளே இருக்கிறது. தேவை கூடினால் டென்மார்க் இன்னொரு நாட்டுப் பண்ணையைச் சேர்த்துக்கொள்ளும். கிரீஸ் தன் ஆட்டை மட்டுமே நம்ப முடியும். 2021இல் ஹலூமி என்ற தன் சீஸுக்குக் குறியீடு வாங்கிய சைப்ரஸ் இதைச் சீக்கிரமே உணர்ந்தது. பசும்பாலோடு சேர்க்க வேண்டிய ஆட்டுப் பால் போதாமல், அதன் பங்கைப் படிப்படியாக உயர்த்த அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று. கிரீஸில் 2023 செப்டம்பரில் டேனியல் புயல், ஃபெட்டாவுக்குப் பால் தரும் வட்டாரங்களில் ஒன்றான தெஸ்ஸலி சமவெளியை மூழ்கடித்தது. 2024இல் ஆட்டுக்கொள்ளை நோய், அதன் மேல் ஆட்டம்மை. லட்சக்கணக்கான ஆடுகளைக் கொன்று புதைத்தார்கள். 2025இல் தடுப்பூசி போடுங்கள் என்று ஐரோப்பிய ஆணையம் வற்புறுத்தியது. ஏதென்ஸ் தயங்கியது. ஊசி போட்டால் நோய் நிலைத்துவிட்ட நாடு என்ற முத்திரை விழும், ஃபெட்டா ஏற்றுமதி அடிபடும் என்பது அரசின் கவலை. பட்டி காலியாகிப்போன மேய்ப்பர்களோ ஊசி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயருக்காக வக்கீல்களுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கையாவது கால்நடை மருத்துவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.