யெல்லோஸ்டோனா, கிராண்ட் டீட்டனா?

குழந்தைகளோடு காரில் போவதென்றால் என் ஓட்டு யெல்லோஸ்டோனுக்கே. அமெரிக்காவில் 1872-இல் உருவான தேசியப் பூங்கா அது. உள்ளே 8 வடிவில் சுற்றும் சாலை மட்டுமே சுமார் 230 கிலோமீட்டர். விடியற்காலையில் லமார் பள்ளத்தாக்கில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருங்கள். குளிரில் காட்டெருமை விடும் மூச்சு வெண்புகையாய் எழுவதைக் கார்க் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். 1995-இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழித்தோன்றல்களைக் காணத் தொலைநோக்கி வேண்டும். காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் விலகி நிற்பது விதி. இதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.

தெற்கே சற்றுத் தள்ளியுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா சிறியது, அலைச்சல் குறைவு. காற்றடங்கிய காலையில் அதன் மலைமுகடுகள் ஏரி நீரில் தலைகீழாகத் தெரியும் அழகே தனி. இரண்டு நாள்தான் விடுமுறை என்றால், தயங்காமல் இங்கே போங்கள்.