கிட்லேப் ஆபீஸ் சர்வரில், கூடுதல் பில்ட் கிளவுடில்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கிட்லேப் என்பது கோடை வைத்து, அதை பில்ட் செய்து, டெஸ்ட் ஓட்டும் மென்பொருள். கோட், கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி (கன்டெய்னர் இமேஜ்களின் கிடங்கு), அன்றாட பில்ட் மூன்றும் சொந்த சர்வரில். ரிலீஸ் நேரத்து நெரிசலுக்கு மட்டும் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் கூடுதல் ரன்னர்கள் (பில்ட் வேலைகளை ஓட்டும் மெஷின்கள்). டெவலப்பர் குழுவுக்கு நீண்ட ஓட்டத்தில் தாக்குப்பிடிப்பது இந்த அமைப்புதான்.

காரணம் டிஸ்க். என்பிஎம் இன்ஸ்டால் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் கமாண்ட்) மாதிரி ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்களை எழுதும் வேலை பிராசஸரை விட டிஸ்க்கைத்தான் வாட்டும். ஏடபிள்யூஎஸ்ஸின் டிஸ்க் வகையான ஈபிஎஸ் ஜிபி3 அடிப்படையாகத் தருவது 3,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்கலாம், எழுதலாம் என்ற கணக்கு), நொடிக்கு 125 எம்பி. அதற்கு மேல் தனிக் காசு. ஆபீஸ் சர்வரில் போடும் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க்கே இதைப் பல மடங்கு தாண்டிவிடும். நாள் முழுக்க ஓடும் பில்டை வெளியே அனுப்புவது வீண் செலவு.

ரன்னரை இணைப்பது சுலபம். அதுவே கிட்லேபிடம் வந்து வேலை கேட்கும் என்பதால் ரன்னர் பக்கம் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். படுத்தி எடுப்பது ஆபீஸையும் கிளவுடையும் இணைக்கும் விபிஎன். பிங் போகும், லாகின் ஆகும், ஆனால் ஜாப் கன்டெய்னருக்குள் கிட் க்ளோன் பாதியில் உறைந்து நிற்கும். எர்ரர்கூட வராது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 பைட். விபிஎன்னின் என்கிரிப்ஷனுக்காக ஐபிசெக் சேர்க்கும் ஹெடர் போக டனலில் மிஞ்சுவது 1400 சொச்சம். பெரிய பாக்கெட் உள்ளே நுழையாது. அதைச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஃபயர்வால் தடுத்துவிட்டால் அனுப்பும் பக்கத்துக்கு விஷயமே தெரியாது. ரன்னர் மெஷினின் டாக்கர் டீமன் கான்ஃபிக்கில் எம்டியுவை 1400 ஆக்குங்கள். டாக்கர் கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்குகளுக்கு இது போய்ச் சேராது. அங்கே டிரைவர் ஆப்ஷனில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பில் எகிறும் இடம் வேறு. கிளவுடுக்குள் போகும் டேட்டா இலவசம், வெளியே வருவதற்குத்தான் கட்டணம்: மாதம் 100 ஜிபி வரை இல்லை, பிறகு மும்பையில் ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். அதனால் பில்ட் கேஷை அதே ரீஜனில் எஸ்3 ஸ்டோரேஜில் வைத்து, முடிந்த ஆர்ட்டிஃபேக்டை (பில்டில் கிடைக்கும் ஃபைலை) மட்டும் ஆபீஸுக்கு இழுப்பது நல்லது. ரன்னர்கள் பிரைவேட் சப்நெட்டில் (நேரடி இன்டர்நெட் இல்லாத நெட்வொர்க்கில்) இருந்து, எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயின்ட் (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள்ளேயே போகும் தனி வழி) போடாவிட்டால், எல்லாம் நாட் கேட்வே (இன்டர்நெட்டுக்கு வெளியேறும் வாசல்) வழியாகப் போய், அதற்கும் ஜிபி கணக்கில் காசு பிடிக்கும். கேட்வே எண்ட்பாயின்டுக்குக் கட்டணமே கிடையாது.

ஏடபிள்யூஎஸ் தன் உபரித் திறனில் தரும் ஸ்பாட் மெஷின் மலிவு. ஆனால் 2 நிமிட நோட்டீஸில் பிடுங்கிக்கொள்வார்கள். டெஸ்ட் ஓட்டலாம், டேட்டாபேஸ் மைக்ரேஷனை அங்கே விடவே கூடாது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் கன்ட்ரோல் பிளேனை (அதன் மூளைப் பகுதியை) ஆபீஸ், கிளவுட் இரண்டு பக்கமும் பிரித்துப் போடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். கிளஸ்டரின் தகவல்களை வைத்திருக்கும் எட்சிடி, இரண்டுக்கும் நடுவில் வரும் நெட்வொர்க் தாமதத்தில் எளிதில் தடுமாறும்.

சொந்த சர்வரில் பயப்பட வேண்டியது பேக்கப்புக்கு. கிட்லேபின் பேக்கப் கமாண்ட் சீக்ரெட்ஸ் ஃபைலையும் (என்கிரிப்ஷன் சாவிகள் இருப்பது) கான்ஃபிக் ஃபைலையும் சேர்க்காது. சீக்ரெட்ஸ் தொலைந்தால் சிஐ வேரியபிள்களையும் (பில்டுக்குத் தேவையான பாஸ்வேர்ட் போன்றவை) இரண்டடுக்கு லாகின் விவரங்களையும் மீட்கவே முடியாது. அந்த இரண்டையும் என்கிரிப்ட் செய்து, பேக்கப் இருக்கும் பக்கெட்டில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். ரீஸ்டோர் செய்யும் மெஷினில் அதே பதிப்பும் அதே எடிஷனும் (கம்யூனிட்டி அல்லது என்டர்பிரைஸ்) இருந்தாக வேண்டும். பதிப்பு எண் பேக்கப் ஃபைலின் பெயரிலேயே இருக்கும்; அதற்குரிய இன்ஸ்டாலரையும் கையோடு எடுத்து வைத்துவிடுங்கள்.