நாலு வருஷம், மூணு ஸ்விட்ச்: பிரவுனைக் கெடுத்துக்கொண்ட கதை

இந்த மெக்கானிக்கல் கீபோர்டு என் மேசைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. கேஸ் அதேதான், கீகேப்பும் அதேதான். ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்ச் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. ஹாட்ஸ்வாப் போர்டு, ஸ்விட்சைப் பிடுங்கி வேறு மாட்டலாம், சால்டரிங் வேலையே இல்லை. அதுதான் வினை; கை சும்மா இருக்காது.

முதலில் போட்டது ப்ளூ, அழுத்தினால் சத்தம் போடும் வகை (ஸ்விட்ச் வகைகளுக்கு நிறத்தின் பெயர்தான்). ஒன்பது ஸ்விட்ச் உள்ள டெஸ்டரை வாங்கி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஒற்றை விரலில் 'டிக்' என்று கேட்டபோது அவ்வளவு சுகமாக இருந்தது. 87 கீயிலும் அதே சத்தம், தினமும் எட்டு மணி நேரம் என்றால் சங்கதியே வேறு. மீட்டிங்கில் "யார் அது, மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்று குரல் வந்த அன்று இரவே எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

அடுத்து பிரவுன். எல்லோரும் சொல்வதுபோல நடுவாந்தரம்: சத்தம் குறைவு, அழுத்தும் வழியில் லேசான மேடு. ஸ்விட்ச் செய்யும் செர்ரி கம்பெனி கணக்கில் அழுத்த 55 சென்டிநியூட்டன் விசை (ஏறக்குறைய அத்தனை கிராம்), 2 மிமீ இறங்கினால் எழுத்து விழும், மொத்தப் பயணம் 4 மிமீ. ஒரு வருஷம் ஓட்டினேன். மேடு பிடித்ததா என்று கேட்டால் அப்போது பதில் தெரியாது. மணல் மேல் தேய்க்கிற மாதிரி ஒரு சொரசொரப்பு மட்டும் உறுத்தியது.

சரி, லூப் பண்ணுவோம், அதாவது உள்ளே மசகு பூசுவோம் என்று கிரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸ் வாங்கினேன். ஸ்விட்சின் கூடான ஹவுசிங்கின் நான்கு கொக்கியை நெம்பித் திறந்தால் கீயோடு இறங்கும் ஸ்டெம், ஸ்பிரிங், செம்பு நிறத்தில் லீஃப் என்ற ஒரு தகடு. ஸ்டெம்மின் முன்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும்; அவற்றின் புடைப்பு லீஃபில் உரசுவதுதான் நம் விரலுக்கு மேடாகத் தெரிகிறது. டாக்டைலில், அதாவது இப்படி மேடுள்ள வகையில், அந்தக் காலைத் தொடாமல் லூப் பண்ண வேண்டும். நானோ ஆறு ராத்திரி உட்கார்ந்து, பிரஷ்ஷில் தாராளமாக எடுத்து, காலோடு சேர்த்து முழுக்கப் பூசிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் மேடு இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தயக்கம்தான் மிச்சம்.

திரும்பத் திறந்து துடைக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். இரண்டு வாரம் போனபின் புரிந்தது: எனக்கு அந்த மேடே வேண்டியிருக்கவில்லை. அடிக்கும் வேகத்தில் எப்படியும் ஒவ்வொரு கீயையும் அடிவரை இறக்கிவிடுகிறேன். மேடு எங்கே வருகிறது என்று விரல் கவனிப்பதே இல்லை. டெஸ்டரில் மெதுவாக அழுத்திப் பார்க்கும்போது மட்டும்தான் அது தெரியும்.

அதனால் லீனியர், மேடே இல்லாத வகை. இதில் யோசிக்க வேண்டியது எடைதான். செர்ரி ரெட் 45 சென்டிநியூட்டன், பிளாக் 60. நண்பரின் பிளாக் போர்டை ஒரு நாள் இரவல் வாங்கி அடித்தேன். சாயங்காலம் சுண்டுவிரல் கடுத்தது. 1.2 மிமீயிலேயே எழுத்து விழும் ஸ்பீடு வகையையும் ஒரு வாரம் பார்த்தேன். விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து ஓடியது. கேம் ஆடுபவர்களுக்குச் சரி, எனக்கு ஆகாது. கடைசியில் 50 கிராம் அளவில் கேட்டரான் கம்பெனியின் யெல்லோ. அதையும் லூப் பண்ணிப் போட்டு இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, கழற்றத் தோன்றவே இல்லை.

மாட்டும்போது மட்டும் அவசரம் கூடாது. ஸ்விட்சின் அடியில் இருக்கும் உலோகப் பின் இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்விட்ச் உட்காரும் பிளேட்டுக்குச் செங்குத்தாக அழுத்த வேண்டும். நான் சாய்த்து அழுத்தியதில் நாலைந்து பின் மடங்கின. ட்வீசரால் நிமிர்த்திச் சமாளித்தேன். இன்னொன்று, ஸ்விட்ச் மேல் பழி போட்ட கடகட சத்தத்தில் பாதி, நீளமான ஸ்பேஸ்பாரை ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசரிலிருந்து வந்தது. ஸ்விட்சுக்குக் காசு செலவழிக்கும் முன் அதை ஒரு தடவை லூப் பண்ணிப் பாருங்கள்.

பழைய ப்ளூவில் ஒன்று மட்டும் இன்னும் போர்டில் இருக்கிறது, கேப்ஸ் லாக்குக்கு அடியில். தவறிக் கை பட்டால் 'டிக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.